சொந்த செட்டைக் கழற்ற 55 நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் காரின் டாஷ்போர்டிலிருந்து என் ஸ்டீரியோவைக் கழற்ற எனக்கு 55 நிமிடம் பிடித்தது. கருவியெல்லாம் கையில் இருந்தது. எந்த ஸ்க்ரூ எங்கே என்று தெரியும், மாட்டியவனே நான்தான். இதே பள்ளத்தில் முன்பு இருந்த செட்டை ஒருவன் கொண்டுபோனபோது, டீ குடிக்கப் போன வாட்ச்மேன் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

வண்டி 2009 ஆல்ட்டோ. எனக்கு மூன்றாவது கையாக வந்தது. திருவான்மியூரில் தெருவோரம்தான் நிறுத்தம். நாலு தெரு தள்ளிக் கடல். ஆவணி மாதம் ஒரு விடிகாலையில் இடது கதவுக் கண்ணாடி சீட்டு முழுக்கக் கல்கண்டு மாதிரி கொட்டிக் கிடந்தது. பின் சீட்டில் இருந்த என் புதுச் செருப்பை அவன் தொடவில்லை. செட்டை மட்டும் இழுத்து, கம்பிகளை ஒரே வெட்டாக வெட்டியிருந்தான். செட் போனதைவிட அந்த வெட்டுதான் பின்னால் என்னை அதிகம் படுத்தியது.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். கண்ணாடி 1,250, மாட்டுக்கூலி 300. இன்சூரன்ஸைக் கேட்டபோதுதான் தெரிந்தது: கம்பெனியே பொருத்தி, வண்டியின் விலைப்பட்டியலில் சேர்ந்த செட் என்றால் பாலிசிக்குள் வரும். நாமாக வெளியே வாங்கி மாட்டிய மின்சாதனம் என்றால் அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லி, மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். நான் கட்டவில்லை. எனவே பைசா வராது.

பழைய செட் வாங்கலாம் என்று முதலில் நினைத்தேன். பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அது யார் வண்டியிலிருந்து வந்ததோ என்ற நினைப்பு ஒரு வாரம் விடாமல் அரித்ததால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் பில்லோடு புதிதாகவே வாங்கினேன். முகப்புப் பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துப்போகிற மாதிரி சிங்கிள் டின் (ஒற்றை உயர அளவு) செட், 3,900 ரூபாய். பெரிய தொடுதிரை செட்டைக் கடைக்காரர் காட்டினார். இரவில் தெருவில் நிற்கிற வண்டியில் ஒளிரும் ஏழு அங்குலத் திரை எனக்கு வேண்டாம். ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி 2,100. சீட்டுக்கு அடியில் வைக்கிற, ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே இருக்கிற பேஸுக்கான எட்டு அங்குல சப்வூஃபர் 6,800. டிக்கியில் பெரிய பெட்டி வைத்து ஊருக்கே காட்டக்கூடாது என்பதுதான் திட்டம். செட்டின் அட்டைப் பெட்டியில் 4×50 வாட் என்று போட்டிருக்கிறது. அது உச்சக் கணக்கு. தொடர்ந்து கொடுப்பது ஒரு சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். சின்ன வண்டிக்கு அது தாராளம்.

முதல் சனிக்கிழமை முழுக்கக் கம்பிகளுக்கே போனது. செட்டின் பக்கம் குழப்பம் இல்லை: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் 12 வோல்ட், கறுப்பு எர்த்து, நீலம்-வெள்ளை ஆம்ப்ளிஃபயரை எழுப்புகிற ரிமோட் கம்பி. முன் ஸ்பீக்கர்களுக்கு இடது வெள்ளை, வலது சாம்பல். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். பின் ஸ்பீக்கர்களுக்கான பச்சையும் ஊதாவும் எனக்குத் தேவையில்லை, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மடக்கிவிட்டேன். வண்டியின் பக்கம் நிறங்கள் வேறு. திருடன் விட்டுவைத்தது இரண்டு அங்குல மிச்சம். தலைகீழாகக் குனிந்து, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, மல்ட்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து காகித டேப்பில் பெயர் எழுதி ஒட்டினேன். நேரடியாக முறுக்கி டேப் சுற்றாமல், நடுவில் சொருகிக் கழற்றுகிற ஆண்-பெண் ஐ.எஸ்.ஓ. கனெக்டர் ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். அடுத்து வருகிறவனாவது வெட்டாமல் பிடுங்கிக்கொண்டு போகட்டும்.

கதவில் ஸ்பீக்கர் ஓட்டை முந்தைய உரிமையாளர் வெட்டியது. புது ஸ்பீக்கரை வைத்து, கண்ணாடி இறக்கும் கைப்பிடியைச் சுற்றினால் முக்கால் தூரத்தில் 'டக்' என்று நின்றது. காந்தத்தில் முட்டுகிறது. உள்ளே 46 மி.மீ. இடம், ஸ்பீக்கரின் ஆழம் 54. இதை வாங்குவதற்கு முன்னால் அளந்திருக்க வேண்டும். ஆசாரி ஒருவரிடம் 12 மி.மீ. மரீன் பிளையில் இரண்டு வளையம் வெட்டி வாங்கி, வார்னிஷ் அடித்து, அதன் மேல் ஏற்றினேன். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வேண்டாம், கதவுக்குள் மழைத் தண்ணீர் வழியும், ஊதிவிடும்.

பாட்டு வந்தது, ஆனால் தபேலாவில் தொம் இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் பாடுகின்றன, நடுவில் ஏதோ ஓட்டை. இடது பக்கத்தை மட்டும் ஒலிக்க விட்டால் நன்றாக இருக்கிறது, வலது மட்டும் என்றாலும் நன்றாக இருக்கிறது. ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, செட் பக்கக் கம்பி முனையில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். வலது கூம்பு வெளியே தள்ளியது, இடது உள்ளே இழுத்தது. பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. திருப்பிப் போட்டதும் தொம் வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. அதைக் கண்டுபிடிக்கும் முன் ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் போனதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சப்வூஃபருக்கு பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். 650 ரூபாய்க்கு ஒரு 8 கேஜ் செட் மலிவாகக் கிடைத்தது. தோலைச் சீவினால் மேலே செம்பு நிறம், பிளேடால் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுச் செம்பு 1,450 கொடுத்து வாங்கினேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ். இதை ஆம்ப்ளிஃபயர் பக்கம் போட்டால் பயனில்லை. நடுவழியில் கம்பி உரசி பாடியில் பட்டால் பேட்டரி முழு பலத்தோடு எரிக்கும். எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வர, ஏற்கெனவே கம்பிக் கற்றை போகிற ரப்பர் வளையத்தின் வழியாகவே நுழைத்தேன். பவர் கம்பி டிரைவர் பக்கம், பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கம்பி இடது பக்கம்.

சப்வூஃபரைத் திருட்டுப் போகாமல் வைப்பது எப்படி? முன் சீட்டுக்கு அடியில் தரையில் நாலு ஓட்டை போட்டு போல்ட் அடிப்பதாகத்தான் இருந்தேன், டிரில்லையும் எடுத்துவிட்டேன். ஒயரிங் பார்க்கிற அண்ணன் ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், "அடியில என்ன போகுதுன்னு பார்த்தீங்களா சார்?" என்றார். படுத்துப் பார்த்தால் தரையின் கீழே பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. "அப்ப பின் சீட்டுக்கு அடியில போட்டுக்கவா அண்ணே?" "அங்க பெட்ரோல் டேங்க்கே இருக்கு சார்." டிரில்லை உறையில் போட்டுவிட்டேன். கடைசியில் 4 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப்பை சப்வூஃபரின் பிராக்கெட்டுகள் வழியாகவும் சீட்டுக் கால் வழியாகவும் விட்டு, யூ கிளாம்ப் போட்டு, நட்டுகளை சீட் தண்டவாளத்துக்குப் பின்புறம் திரும்பியிருக்குமாறு வைத்தேன். 180 ரூபாய். வயர் கட்டர் உள்ளவன் வெட்டுவான். கைக்கு எட்டாத இடத்தில் குனிந்து, சீட்டை முன்னும் பின்னும் தள்ளி வெட்ட வேண்டும், அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.

செட்டைப் பூட்டுவதுதான் மெயின் வேலை. சிங்கிள் டின் செட் ஒரு தகரக் கூட்டுக்குள் போய் உட்காரும். கூட்டைச் சுற்றி சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். டாஷ்போர்டு பிளாஸ்டிக்கைக் கவ்வுமாறு அவற்றை உள்ளிருந்து ஸ்க்ரூ டிரைவரால் வெளிப்பக்கம் மடக்க வேண்டும். திருட்டுப் போன செட்டின் கூட்டை அன்று எடுத்துப் பார்த்தேன். பத்துக்கும் மேற்பட்ட நாக்குகளில் இரண்டுதான் மடக்கியிருந்தது. இந்த முறை பிளாஸ்டிக் தொடுகிற எல்லாவற்றையும் மடக்கினேன். ஆனால் கூடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், செட்டோடு வரும் இரண்டு தட்டைச் சாவிகளை இரு பக்கமும் சொருகினால் செட் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நேரம் பார்த்தேன்: 40 விநாடி.

அதற்குத்தான் பின்பக்க ஸ்ட்ராப். செட்டின் முதுகில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். செட் ஆடாமல் தாங்குவதற்காக வைத்தது. பெரும்பாலான கடைகளில் அதைச் சீண்டுவதே இல்லை. பாரிமுனையில் ஓட்டை போட்ட ஜி.ஐ. பட்டை அரை மீட்டர் வாங்கி, ஒரு முனையை அந்த போல்ட்டில், அதிர்வில் தளராத நைலாக் நட் போட்டு இறுக்கினேன். மறுமுனை டாஷ்போர்டுக்குள் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தில். அங்கே சாதா ஸ்க்ரூ போடாமல், நடுவில் குமிழ் உள்ள ஸ்டார் ஸ்க்ரூ. இதைத் திறக்க நடுவில் ஓட்டையுள்ள ஸ்டார் பிட் வேண்டும். பட்டையும் போல்ட்டும் 110, பிட் செட் 240. அந்த ஸ்க்ரூவுக்குக் கை போக வேண்டுமானால் கிளவ் பாக்ஸைக் கழற்றி, அதன் பின்னால் ஏ.சி. காற்றுக் குழாயை ஒதுக்க வேண்டும். சாவி போட்டு முன்னாலிருந்து இழுத்துப் பார்த்தேன், 5 மி.மீ. அசைந்து நின்றது. பெருமையாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டீரிங் பக்கத்தில் சிவப்பாக மினுக்கும் எல்.இ.டி. ஒன்றும் வைத்தேன். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர், எல்லாம் சேர்த்து 45 ரூபாய். அலாரம் இருப்பது போல் ஒரு பாவனை. எதிர்வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லைட்டு மினுக்குனா உள்ள ஏதோ சாமான் இருக்குன்னுதானே தம்பி நினைப்பான்?" அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திய வண்டி திங்கள் காலை 'கடக்' என்று ஒரு சத்தத்தோடு படுத்துவிட்டது. பேட்டரி 35 ஆம்பியர்-அவர், எட்டு மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்பர் கம்பி போட்டு எழுப்பி, மாலை வந்து, 10 மி.மீ. ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் முனையில் வைத்து நடுவில் கோத்தேன். 0.98 ஆம்பியர். திகைத்துப்போய்ப் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, உள் விளக்கு எரிகிறது. கதவைச் சாத்தினேன்: 0.58. அதுவும் அதிகம்தான். எல்லாம் அணைந்த வண்டி 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். 0.58-ஐ அறுபது மணி நேரத்தால் பெருக்கினால் 35; பேட்டரி கணக்குப் பிசகாமல் செத்திருக்கிறது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், சப்வூஃபர் ஃபியூஸில் 0.02-க்கு இறங்கியது. மாட்டிய அன்று இரவு, நீலம்-வெள்ளைக் கம்பி நீளம் போதாமல், சோதித்துப் பார்க்க மட்டும் என்று ரிமோட்டைப் பக்கத்து மஞ்சளில் முறுக்கியிருந்தேன். சோதனை வெற்றி. முறுக்கியதைப் பிரிக்க மறந்துவிட்டேன். மூன்று வாரம் தினமும் ஓட்டியதால் தெரியவில்லை. சப்வூஃபர் இரவு பகல் விழித்திருந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அடுத்தது வீணை மாதிரி ஒரு இழைச் சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். ஆர்.சி.ஏ. கம்பியை மாற்றினேன், போகவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பாட்டு அதிரும்போது சப்வூஃபரின் முனையில் 12.7. கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் எங்கோ தொலைகிறது. பிளஸ் பக்கம் அளந்தால் சொற்பம்தான். தொலைவது எர்த்தில். சுலபம் என்று சீட் போல்ட்டுக்கு அடியில் எர்த்தைக் கொடுத்திருந்தேன். பெயின்ட்டும், அதற்குக் கீழே கடற்கரைக் காற்று கொடுத்த துருவும். கார்பெட்டைத் தூக்கி, ஓரத்தில் வெறும் தகரமாக ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து, வட்ட லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். செட்டின் கறுப்புக் கம்பியையும் அங்கேயே கொண்டு வந்து சேர்த்தேன். 13.7 வோல்ட். சத்தம் போய்விட்டது. இந்த ஊரில் இதை வருடத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

செட்டின் முகப்புப் பட்டையைத் தினமும் கழற்றி எடுத்துப்போவது பழக இரண்டு வாரமானது. வண்டிக்குள்ளேயே கிளவ் பாக்ஸில் வைத்தால் கழற்றியதற்கு அர்த்தமில்லை. வீட்டில் ஹெல்மெட் மாட்டும் ஆணியில் அதன் டப்பாவைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒருமுறை அங்கேயே விட்டுவிட்டு வேலூர் வரை பாட்டில்லாமல் போனோம். "ஏங்க, திருடனுக்கும் பாட்டு இல்ல, நமக்கும் இல்ல" என்றாள் மனைவி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது. பட்டையின் பின்புற முனைகள் வேர்வைக் கையில் கறுக்கும். மாதம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே செட் அணைந்தது. மினுக்கும் விளக்கும் அணைந்தது. வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் எல்லாம் நன்றாக இருக்கிறது. மிச்சம், செட்டின் மஞ்சள் கம்பியில் வருகிற 10 ஆம்பியர் ஃபியூஸ். அது செட்டுக்குப் பின்னால், ஸ்ட்ராப்புக்கும் அப்பால், நானே கட்டிய கோட்டைக்குள் இருக்கிறது. கிளவ் பாக்ஸ், காற்றுக் குழாய், ஸ்டார் ஸ்க்ரூ, இரண்டு சாவி. ஸ்க்ரூ ஒருமுறை கைநழுவி கார்பெட்டுக்கடியில் போனதும் சேர்த்துத்தான் 55 நிமிடம். வெளியே எடுத்துப் பார்த்தால், வெட்டிய ஜி.ஐ. பட்டையின் முனை கத்தி மாதிரி இருக்கிறது. எல்.இ.டி.க்கு நான் மஞ்சளிலிருந்து இழுத்த மெல்லிய கம்பியை அது அறுத்து, இரும்பைத் தொட வைத்திருக்கிறது. ஒரு காவலாளி இன்னொரு காவலாளியின் கழுத்தைப் பிடித்திருக்கிறான்.

பட்டை முனைகளை அரத்தால் உருட்டி, டேப் சுற்றினேன். எல்.இ.டி. கம்பியில் தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ். மஞ்சளின் ஃபியூஸ் பிடிப்பானை நீட்டி, கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டுகிற இடத்துக்குக் கொண்டு வந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: எதைப் பூட்டினாலும் ஃபியூஸ் பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மறுபடி செய்தால், ஸ்பீக்கர் ஆழத்தை வாங்கும் முன் அளப்பேன், எர்த்தை முதலில் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்குவேன், எல்.இ.டி. வைக்கவே மாட்டேன்.

செலவு: செட், ஸ்பீக்கர், சப்வூஃபர் 12,800. கம்பி, ஃபியூஸ் பிடிப்பான், வளையம், பூட்டு சாமான்கள் 2,475. வீணாய்ப்போன அலுமினியக் கம்பி 650. கண்ணாடி 1,550. புதுப்பித்தபோது இன்சூரன்ஸில் சேர்த்ததற்கு, 12,800-க்கு 4 சதவீதமும் ஜி.எஸ்.டி.யுமாக 604. ஆக 18,079. வண்டியை விற்றால் எழுபதாயிரம் தேறினால் பெரிது.

ஞாயிறு இரவு எல்லாவற்றையும் மாட்டி முடித்து ஒரு சுற்று போய்வந்தேன். பாட்டு அருமை. பேஸ் இறங்கும் இடங்களில் மட்டும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஒரு நடுக்கம். செட்டின் முகத்தை உள்ளங்கையால் அழுத்தினாலும் நிற்கவில்லை, காரணம் ஸ்ட்ராப் அல்ல போலிருக்கிறது. திறந்து பார்க்கலாம் என்று கருவிப் பெட்டியை எடுத்தால் எல்லா பிட்டும் இருக்கிறது, அந்த ஸ்டார் பிட் மட்டும் காணவில்லை.